ஒரு காலனுக்கு ஏழு மைல்

ஓமலூர்,
பகுதான்ய வருஷம், ஆனி 8

மாப்பிள்ளை குழந்தைவேலுக்கு மாமன் சின்னண்ணனின் ஆசீர்வாதம்.

இங்கே நான், உன் அக்காள் வள்ளியாத்தாள், உன் மருமகள் வசந்தாமணி மூவரும் சுகம். கோயமுத்தூர்க் குளிர் உன் நெஞ்சுச் சளிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று உன் அக்காள் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

விஷயம் பஸ்ஸைப் பற்றியது. நீ வேலை பார்க்கும் மோட்டார் பட்டறையில் நீயே தட்டிப் பார்த்து, "பத்து வருஷத்து வண்டியானாலும் எஞ்சின் கல்லு மாதிரிங்க மாமா" என்று சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். தை மாதம் ஒரு காலன் பெட்ரோலுக்குப் பன்னிரண்டு மைல் ஓடியது. இப்போது பத்து. சேலத்திலிருந்து ஓமலூர் வழியாக மேச்சேரிக்குத் தினம் இரண்டு நடை. அதே ரோடு, அதே கூட்டம். அந்த இரண்டு மைல் எங்கே போயிற்று?

டிரைவர் மாதையனைக் கேட்டால், "வண்டிக்கு வயசாச்சுங்க" என்கிறான். எனக்கும்தான் ஐம்பத்தெட்டு ஆகிறது. அதற்காக ஒரு பிடி சோறு அதிகமாகவா தின்கிறேன்? அவனும் நீ அனுப்பிய ஆள். வண்டி நீ பார்த்தது, டிரைவர் நீ பார்த்தவன், பெட்ரோல் மட்டும் என்னுடையது.

எனக்கு எஞ்சின் தெரியாது என்று எண்ணிவிடாதே. வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் எழுத்து புரியாவிட்டாலும், படங்களைப் பார்த்தே கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். கடைசியில் ஒரே ஒரு திருகுதான் மிச்சம் வந்தது. அது இல்லாமலும் வண்டி ஓடுகிறது.

உடனே பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னண்ணன்


கோயமுத்தூர்,
29-6-1938

மாமா அவர்களுக்குக் குழந்தைவேல் வணக்கத்துடன் எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். எனக்குச் சளி விட்டது என்று அக்காளிடம் சொல்லவும்.

முதலில் அந்த மிச்சத் திருகை மாதையனிடம் கொடுத்து, அதன் இடத்தில் போடச் சொல்லுங்கள். பிறகு டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றினால் பிரேக் உரசுகிறதா என்று தெரிந்துவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுத்த சோக்குப் பிடியை, எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும்; இல்லாவிட்டால் பெட்ரோல் வீணாகும். கூரையில் பாரத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று. கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கிறது. அதன் நடுவில் மயிரிழை போல ஒரு துளை. எஞ்சினுக்குப் பெட்ரோல் அந்தத் துளை அளந்துவிடுகிற மட்டும்தான் போகும். நம் பக்கத்துப் புழுதிக்கு அது அடைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைதோறும் கழற்றி, பெட்ரோலில் அலசி, வாயால் ஊதிச் சுத்தம் செய்து மாட்டவும்.

மாதையன் என் கண்முன்னே வேலை கற்றவன். அவன் சொல்லைக் கேட்கலாம்.

தங்கள் நலம் விரும்பும்,
குழந்தைவேல்


ஓமலூர்,
ஆடி 10

மாப்பிள்ளைக்கு ஆசி. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. மழைக்குத்தான் குறைவு.

நீ எழுதியதை எல்லாம் செய்தேன். பின் சக்கரத்தில் பிரேக் உரசியது உண்மை, தளர்த்தினோம். டயருக்குக் காற்று அடித்து எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. உன் அக்காள் நாலு நாள் வேப்பெண்ணெய் தடவினாள். சோக்கை நானே பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே தள்ளுகிறேன். கூரையில் பாரம் ஏற்றாதே என்கிறாய். மேச்சேரிச் சந்தைக்கு ஓடும் வண்டியில் ஆடு ஏறாமல் யானையா ஏறும்?

ஜெட் வேலையை வேறு யாரிடமும் விடவில்லை. வெள்ளிக்கிழமை குளித்து, வண்டிக்குப் பூசை போட்டுவிட்டு, நானே கழற்றிச் சுத்தம் செய்கிறேன். துளை பளிச்சென்று இருக்கிறது. சூரியனுக்கு நேரே பிடித்தால் வாரத்துக்கு வாரம் வெளிச்சம் நன்றாகவே தெரிகிறது.

இவ்வளவும் செய்த பிறகு எத்தனை மைல் தெரியுமா? ஒன்பது! உன்னைக் கேட்காமல் இருந்திருந்தால் பத்தாவது மிஞ்சியிருக்கும். பின்னால் கறுப்புப் புகை வேறு. பெட்ரோல் நாற்றத்தில் ஒரு பெண்பிள்ளை காமலாபுரம் வருமுன் வாந்தி எடுத்துவிட்டாள்.

வண்டியில் குற்றம் இல்லை என்றால் ஆளிடம்தான் குற்றம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யோசிக்கிறேன்.

சின்னண்ணன்


கோயமுத்தூர்,
2-8-1938

மாமா அவர்களுக்கு வணக்கம். முதுகுவலி தேவலையா?

கறுப்புப் புகை என்றால் எஞ்சினுக்குள் வேண்டியதற்கு மேல் பெட்ரோல் போகிறது என்று அர்த்தம். திருட்டுப் போகிற பெட்ரோல் புகையாது மாமா. தயவுசெய்து மாதையனை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு காலன் பிடிக்கிற டின்னை எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டி, அதிலிருந்து கார்புரேட்டருக்குக் குழாய் போட்டு, நீங்களே முன்னால் உட்கார்ந்து போய்வாருங்கள். டின் காலியாகும்வரை எத்தனை கல் தாண்டியது என்று எண்ணினால், குற்றம் வண்டியிலா ஆளிலா என்று ஒரே நடையில் தெரிந்துவிடும்.

ஜெட்டை வாயால்தானே ஊதுகிறீர்கள்? மறக்காமல் எழுதவும்.

குழந்தைவேல்


ஓமலூர்,
ஆவணி 5

மாப்பிள்ளைக்கு. அனைவரும் சுகம். என் முதுகைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி. அதைக் கெடுத்தவனே விசாரிப்பது முறைதான்.

ஊதுவது பற்றி இரண்டாம் முறை எழுதுகிறாய். நான் நாதஸ்வரக்காரன் அல்ல. சுத்தமாக இருக்கிறது என்றால் சுத்தமாக இருக்கிறது.

சொந்த வண்டியில் டின்னைப் பார்த்துக்கொண்டு, ரோட்டுக் கல்லை எண்ணிக்கொண்டு நான் உட்கார வேண்டுமாம். ஊரார் பார்த்தால் சின்னண்ணனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அதைவிடச் சுலபமான வழியை நான் செய்தேன். பெட்ரோல் டாங்கியின் மூடிக்குச் சேலத்தில் பூட்டு அடித்து மாட்டினேன். சாவி என் அரைஞாணில். அப்படியும் எட்டு மைல். அப்படியானால் அவனிடம் கள்ளச்சாவி இருக்க வேண்டும்.

போன சந்தையன்று மேச்சேரியில் வண்டியை நிறுத்தி, சனங்கள் இறங்குமுன் அவனைக் கேட்டேன். "நானு ஒரு சொட்டுத் தொட்டதில்லீங்க" என்றான். "அம்மன் முன்னால் சொல்வாயா?" என்றேன். "எங்க வேணாலும் சொல்றனுங்க. ஆனா நீங்க கேட்டது மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க" என்றான். வண்டிக் கூட்டம் முழுவதும் பின்னால் வந்தது. காளி கோயிலில் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான்.

சத்தியத்துக்குப் பத்து நாள் தவணை கொடுத்திருக்கிறேன். அதற்குள் பெட்ரோல் சரியாகிவிட்டால் விட்டுவிடுவேன். ஆகாவிட்டால் அவன் செய்தது பொய்ச் சத்தியம்.

சின்னண்ணன்


ஓமலூர்,
ஆவணி 20

தம்பிக்கு அக்காள் வள்ளியாத்தாள் சொல்ல, வசந்தாமணி எழுதுவது.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடுதாசி வந்தால் மாமா முதல் வரியைத்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறார்; மிச்சம் எல்லாம் எஞ்சின் என்கிறார்.

தம்பி, மாதையனை நிறுத்திவிட்டார். சத்தியம் பண்ணின பத்தாம் நாள் வண்டி எட்டு மைலும் தரவில்லையாம். நேற்று அவன் பெண்சாதி உண்ணாமலை புறவாசலில் வந்து நின்றாள். "ஏனுங்காத்தா, திருடன்னாக்கூட நாலு நாள்ல மறந்துருவாங்க. பொய்ச் சத்தியம் பண்ணுனவங்கிறாங்க. அவன் ஓட்டுற வண்டி கவுந்துரும்னு ஒருத்தரும் ஏறமாட்டாங்கறாங்க" என்று அழுதாள். ஒரு படி ராகி கொடுத்தேன். வாங்கவில்லை. "இது வேண்டாமுங்க, பேரத் திருப்பிக் குடுங்க" என்று போய்விட்டாள்.

நீதான் மாமாவுக்கு எழுத வேண்டும். என் பேச்சு எடுபடாது. வெள்ளிக்கிழமை வந்தால் என் தையல் ஊசி காணாமல் போகிறது என்று சொன்னதற்கே சண்டைக்கு வந்துவிட்டார். அந்தப் பித்தளைத் துளைக்குள் ஊசியை விட்டுத் திருகித் திருகித் துடைக்கிறார். தம்பி வாயால் ஊதத்தானே சொன்னான் என்று கேட்டால், "அம்மன் படம் மாட்டி, எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்ட வண்டிக்குள் எச்சில் படுத்தச் சொல்கிறாயா?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயந்தானே. ஊசிதான் மாதம் நாலு போகிறது.

நான் எழுதச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அக்காள்


கோயமுத்தூர்,
9-10-1938

மாமா அவர்களுக்கு வணக்கம். எல்லோரும் நலந்தானே? ஆயுத பூஜைக்கு முன்னும் பின்னும் பட்டறையில் வேலை நெருக்கடி. ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதாததைப் பொறுத்துக்கொள்ளவும். நாலு தடவை எழுத உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு சமாசாரம். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பஸ் முதலாளி வந்தார். வயதானவர், கெட்டிக்காரர், யார் உதவியும் இல்லாமல் தாமே தொழில் கற்றவர். வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்றார். கழற்றிப் பார்த்தால், ஜெட்டின் துளை இருக்க வேண்டியதைப்போல் ஒன்றரைப் பங்கு ஆகியிருந்தது. பித்தளை மெத்தென்றது அல்லவா, எஃகு ஊசியை விட்டுத் திருகினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுவிடும். அவர் நல்ல எண்ணத்தில் கோணி ஊசியை விட்டுச் சுத்தம் செய்திருக்கிறார். பாவம், குற்றமில்லாத டிரைவரை வேறு நிறுத்திவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் மிகவும் வருத்தப்பட்டார், திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

தங்களுக்குப் பயன்படும் என்று எழுதினேன்.

குழந்தைவேல்


ஓமலூர்,
புரட்டாசி 28

மாப்பிள்ளைக்கு ஆசி. சுகம்.

அந்தப் பொள்ளாச்சிக்காரனை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கோணி ஊசியாம்! அவன் ஜெட்டைச் சுத்தம் செய்தானா, மிளகாய் மூட்டை தைத்தானா? நான் ஆனி மாதத்திலிருந்து தையல் ஊசிதான் விடுகிறேன். முதலில் ரவிக்கை தைக்கும் மெல்லிய ஊசியே இறுக்கமாகப் போயிற்று. ஆடியில் அது தளர்ந்துவிட்டதால் அடுத்த நம்பர் எடுத்தேன். இப்போது தலையணை தைக்கும் ஊசி. கோணி ஊசி வரைக்கும் நான் இன்னும் போகவில்லை. எதற்கும் ஓர் அளவு தெரிய வேண்டும். டிரைவரை நிறுத்துமுன் அவன் நாலையும் யோசித்திருக்க வேண்டும்.

மாதையனை நிறுத்தியாயிற்று. ஈரோட்டில் ஒரு பஸ்காரர் அவனைப் பற்றி விசாரித்துக் கார்டு போட்டிருந்தார், உள்ளதை எழுதினேன். புது டிரைவர் சாது. ஆனால் அவன் கையிலும் வண்டி ஏழு மைல்தான். இவனும் திருடன் என்றால் இந்த ஜில்லாவில் திருடாத டிரைவரே இல்லையா? யோசித்து எழுது.

சின்னண்ணன்


கோயமுத்தூர்,
20-10-1938

மாமா அவர்களுக்கு வணக்கம். தீபாவளிக்கு வர இயலவில்லை. அக்காளுக்கும் மருமகளுக்கும் சேலை பார்சலில் வருகிறது.

பொள்ளாச்சியில் அப்படி ஒருவர் இல்லை மாமா. அவர் ஓமலூரில் இருக்கிறார்.

ஊசி தளர்ந்தது என்றால் துளை அகன்றது. அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை, எழுதாமலிருக்கவும் மனம் இல்லை. என் பங்குக் குற்றமும் உண்டு. ஊதுங்கள் என்று எழுதினேன். ஊசி விடக் கூடாது என்று எழுதவில்லை. உண்மை தெரிந்த பிறகும் உங்களிடம் நேரே சொல்லக் கூசி, ஒரு மாதம் கடத்திவிட்டேன். அந்த மாதம் முழுவதும் ஒருவன் வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ.

சேலைப் பார்சலில் புது ஜெட் ஒன்று வைத்திருக்கிறேன். மாட்டுங்கள். புழுதி அடைத்தால் சைக்கிள் பம்பினால் காற்று அடியுங்கள். எச்சில் படாது.

மாதையன் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

குழந்தைவேல்


ஓமலூர்,
ஐப்பசி 24

மாப்பிள்ளைக்கு.

சேலைகள் வந்தன. வசந்தாமணிக்குக் கரை பிடித்திருக்கிறது.

வண்டி ஓடுகிறது. பன்னிரண்டு. ஒரு நாள் பன்னிரண்டரை.

உனக்கு என் மேல் கோபம் இருக்கலாம். எனக்கும் உன் மேல் இருக்கிறது. எச்சில் படும் என்று நான் ஊதமாட்டேன் என்பது, என் வீட்டில் பெண் எடுக்காவிட்டாலும் பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளையான உனக்குத் தெரிய வேண்டாமா? சைக்கிள் பம்பை ஆனி மாதமே சொல்லியிருந்தால் இத்தனை வினை உண்டா? இல்லாத பொள்ளாச்சிக்காரனைக் காட்டி என்னைச் சிரிக்கவைத்தாயே, அதை நான் மறக்கமாட்டேன்.

மாதையனுக்குக் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். பெரிய மனது பண்ணி, நாளையே வேலைக்கு வரலாம் என்றேன். அவன் சொன்ன பதிலைக் கேள்: "சத்தியம் நெசம்னு அம்மனுக்குத் தெரியுமுங்க. தெரியாதது சனங்களுக்குத்தான். சந்தை வண்டியில வெச்சுக் கேட்டாரு, சந்தை வண்டியில வெச்சே சொல்லோணும். அப்பத்தான் வாரேன்."

எவ்வளவு திமிர் பார்! ஆட்டுக்காரனும் கூடைக்காரியும் கேட்க நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். புது டிரைவரே போதும் எனக்கு.

சின்னண்ணன்


கோயமுத்தூர்,
17-11-1938

மாமா அவர்களுக்கு வணக்கம்.

மாதையனும் உண்ணாமலையும் இங்கே வந்திருக்கிறார்கள். பட்டறையில் இரும்பு சுமக்க வைத்திருக்கிறேன். ஐந்து முதலாளிகளிடம் டிரைவர் வேலைக்குச் சொல்லிப் பார்த்தேன். "ஈரோட்டுக்காரர் ஒரு கார்டு வைத்திருக்கிறாரே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஈரோட்டுக்குப் போய் அந்தக் கார்டை வாங்கி வந்தேன். "பொய்ச் சத்தியம் செய்தவன், ஸ்டியரிங்கைத் தொடவிடலாகாது" என்று தங்கள் கையெழுத்தில் இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

மாதையன் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. நேற்று உண்ணாமலைதான் கேட்டாள்: "ஒரு வார்த்தை சொன்னா அவங்க ஊட்டுல என்னங்க கொறஞ்சுபோயிரும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், சொல்கிறேன்.

குழந்தைவேல்


ஓமலூர்,
கார்த்திகை 22

மாப்பிள்ளை குழந்தைவேலுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். உன் அக்காள் நாலு நாளாக என்னிடம் பேசாமலிருந்து, நேற்று இரவுதான் பேசினாள்.

மாதையனை அனுப்பிவை என்று மட்டும் உனக்குத் தந்தி கொடுத்தேன், காரணம் எழுதவில்லை. அவன் பெண்சாதி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் தேடிப் பார்த்தேன். ஈரோட்டுக்காரருக்கும் நீ வேலை கேட்ட ஐந்து முதலாளிகளுக்கும் தனித்தனியே கடிதம் போட்டாயிற்று.

நேற்று மேச்சேரிச் சந்தை. சாயங்கால வண்டியில் இருபத்திரண்டு பேர் ஏற வேண்டிய இடத்தில் நாற்பது பேர். கூரையில் பதினோரு ஆடு. மாதையன் வண்டிக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் படியில் ஏறி நின்று, எல்லோரும் கேட்க வேண்டும் என்றேன்.

முதலில் ஜெட் என்றால் என்ன என்று விளக்கினேன். பித்தளைக்கும் எஃகுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். கோணி ஊசி வேறு, தையல் ஊசி வேறு என்பதையும் சொன்னேன். கூடையோடு உட்கார்ந்திருந்த சின்னாயி என்கிற கிழவி, "ஏஞ்சாமி, கத சொல்லவா வண்டிய நிறுத்தி வெச்சிருக்கீங்க? பொழுது எறங்குது, ஊட்டுக்குப் போவோணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆடுகள் கூடக் கத்தின.

அதற்குப் பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "பெட்ரோல மாதையன் தொடலே. வண்டிதான் குடிச்சுது. அதுக்குக் குடிக்கப் பழக்குனது நானு."

யாரும் சிரிக்கவில்லை. பின் சீட்டிலிருந்து ஒருவன், "அப்ப அன்னைக்கு அவஞ் செஞ்ச சத்தியமுங்க?" என்றான். "அது நெசம். எங்கணக்குத்தான் பொய்" என்றேன். காது மந்தமான ஒருவர், "என்ன சொன்னாரு? என்ன சொன்னாரு?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவன் உரக்கத் திருப்பிச் சொன்னான். ஆகவே இரண்டு தடவை ஆயிற்று.

மாதையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். புது டிரைவர் தானாகவே இறங்கினான். அவனுக்கு வேறு வண்டி பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. மாதையன் ஏறி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தான். நான் இன்னும் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. அது என்னவென்று தெரியவில்லை.

"உக்காருங்க, வண்டி கெளம்போணும்" என்றான்.

என்னை அவன் ஏவியது அதுதான் முதல் தடவை. முன் சீட்டில் இடமில்லை. ஆட்டுக்காரர்கள் நடுவில் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உண்ணாமலையை அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பு. சேலத்தில் வண்டி காத்திருக்கும்.

சின்னண்ணன்